திங்கட்கிழமை சமன் செய்த சாலை

ஹெல்ஸ்டன் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்தின் சாலைத் துறைக் கொட்டகையில், காபி மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நமது கவுண்டி: ஒரு பார்வை' என்று தலைப்பு. மக்கள், பொருளாதாரம், இயற்கை என்று மூன்று பிரிவு. மக்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு பேர், உழைப்பாளிகள், அன்பானவர்கள். பொருளாதாரம் மாடு, சோயா, மக்காச்சோளம். இயற்கை பரந்த புல்வெளி, எண்ணற்ற குளங்கள், வாத்துகள். எழுதியவன் சாலைக் கண்காணிப்பாளன் ட்ராய். முப்பத்து நான்கு வயது. தலைநகரத்துக்கு மானியம் கேட்டு அனுப்பிய மனுவில் மிஞ்சிய பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டான்.

வெண்டல் க்ரோக் அதைத் தினமும் படித்தான். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை, காபி இறங்கும்வரை கண்ணுக்கு வேறு வேலை இல்லை. முப்பத்திரண்டு வருடமாகக் கவுண்டிக்காகச் சாலையைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த மூன்று பிரிவும் வேறு மாதிரி தெரிந்தன. மக்கள் என்றால் சரிபாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மீதிப் பாதியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளே சூ ஃபால்ஸ் நகரத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள். பொருளாதாரம் என்றால் பத்துக் குடும்பம் சாப்பிட்ட நிலத்தை இன்று ஒரே குடும்பம் உழுகிறது, அந்தக் குடும்பத்துக்கும் நிம்மதி இல்லை. இயற்கை என்றால் காற்று. வாத்துகள் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தெற்கே போய்விடும். காற்று எங்கும் போகாது. அதை எழுத ட்ராய்க்குத் தோன்றவில்லை.

கவுண்டியில் நானூறு மைல் கிராவல் சாலை. மூன்று பேர் பங்கு போட்டதில் வெண்டலுக்கு நூற்று நாற்பது மைல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு சாலையிலும் பிளேடை இறக்கி, பள்ளத்தை நிரவி, ஓரத்துக்கு ஓடிய கல்லை நடுவுக்கு இழுத்துவர வேண்டும். இழுத்து முடித்த அன்றே லாரிகள் அதைத் திரும்ப ஓரத்துக்குத் தள்ளும். இதற்குப் பெயர் வேலை. முதுகெலும்பில் இரண்டு வட்டு நகர்ந்திருந்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுவதே ஒரு பஞ்சாயத்து. இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு என்று அவன் சொல்லிக்கொள்வது நான்காவது வருடமாக நடக்கிறது.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் முறைப்படிச் செய்தான், அது எந்த உத்தரவிலும் கிடையாது. கவுண்டியில் யாராவது இறந்தால், எந்த நாளாக இருந்தாலும், அந்த வீட்டிலிருந்து தேவாலயம்வரை, தேவாலயத்திலிருந்து கல்லறைவரை சாலையைச் சமன் செய்துவிடுவான். சவ வண்டி குலுங்கக் கூடாது. அவனுக்கு முன்னால் ஓட்டியவனும் அப்படித்தான் செய்தான். அதனால் ஒரு சாலையில் முறை இல்லாத நாளில் கிரேடர் ஓடினால், பாஸ்டருக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். எதிரே வருகிறவர்கள் சாதாரண நாளில் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். அன்று மட்டும் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை, ட்ராய் கையில் கறுப்பு ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"வெண்டல், உங்க பக்கம் நாலு ரோட்டுக்கு டியூப் போடறேன். நாப்பத்தோராவது அவென்யூவும் இருக்கு."

"அங்க ஆர்டிஸ் இருக்காங்க."

"ஆர்டிஸ் மட்டும்தான் இருக்காங்க. அதான் பிரச்சனையே."

"அதை நீயே போய் அவங்ககிட்ட சொல்லேன், பாஸ்."

"நான் எதுக்குச் சொல்லணும்? டியூப் சொல்லும்."

சாலைக்குக் குறுக்கே குழாயைக் கிடத்தினால், அதன்மேல் ஏறுகிற ஒவ்வொரு வண்டியையும் ஓரத்துப் பெட்டி எண்ணிக்கொள்ளும். போனாலும் ஒன்று, வந்தாலும் ஒன்று. புதன் தொடங்கி அடுத்த புதன்வரை ஏழு நாள். நாளுக்குப் பத்து வீதம் எழுபது வந்தால் சாலை பிழைத்தது, ஐந்து வருடத்துக்கு யாரும் தொட முடியாது. வராவிட்டால் முனையில் மஞ்சள் பலகை நட்டுவிடுவார்கள். அப்புறம் கிராவல் கிடையாது, கிரேடர் கிடையாது, குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் கிடையாது. எண்பத்து நான்கு வயதில், மூன்று மைல் பனிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் அம்மாள் தனியாக இருக்க முடியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வெண்டல் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தான். காரணம் ஆர்டிஸ் மட்டுமல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் கைவிட வேண்டிய சாலைகளின் முதல் பட்டியலைத் தயாரித்தபோது டியூப் கிடையாது. கிரேடர்காரனையே கேட்டு எழுதினார்கள். ஓட்டமில்லாத சாலைகளில் மைலோ ஹாக் என்ற ஒண்டிக்கட்டையின் சாலையையும் வெண்டல் தன் கையால் எழுதினான். பொய் இல்லை, ஓட்டமில்லாத சாலைதான். அந்த ஜனவரியில் மைலோவுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் மஞ்சள் பலகையோடு நின்றுவிட்டது. வெண்டல் கிரேடரை எடுத்துக்கொண்டு பனியை உடைத்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. மைலோ சமையலறை நாற்காலியில், பூட்ஸ் மாட்டியபடி, புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. யாரும் வெண்டலைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசித் தீர்த்திருப்பான்.

ஆகவே டியூப் போட்ட புதன்கிழமை மாலையே தன் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கவுண்டி வண்டிகள் கணக்கில் சேராது. பெரிய சக்கரத்தை அந்தப் பெட்டியே கழித்துவிடும்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் மனைவி ஜோலீன்.

"காத்து வாங்க."

"இந்தக் கவுண்டியில காத்து வாங்கறதுக்கு வெளிய போற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ஜன்னலைத் திற, போதும்."

போய் டியூப்மேல் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு வந்தான். வியாழனும் அப்படியே. ஐந்தாவது முறை ஏறியிருக்கலாம், முதுகு விடவில்லை. அறுபத்தொரு வயதில் ரப்பர் குழாயை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. சனியும் ஞாயிறும் விடாமல் மழை கொட்டியது. திங்கட்கிழமை காலை அவன் பெட்டியைத் திறந்து பார்த்தபோது இருபத்தொன்பது என்று காட்டியது. இரண்டு நாளில் இன்னும் நாற்பத்தொன்று வேண்டும்.

முனையில் தபால்காரர் கேரி வண்டியை நிறுத்தி, ஆர்டிஸின் தபாலைப் பாலித்தீன் பையில் போட்டு வேலிக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள போகலையா கேரி?"

"இந்தச் சேத்துலயா? இறங்கினா வசந்த காலத்துலதான் எழுந்திரிப்பேன். ரோடு போடறவன் யாரோ தூங்கறான் போல."

தபால்காரரும் வராவிட்டால் கதை முடிந்தது. மழை விட்ட மறுநாள்தான் கிராவல் நன்றாகப் படியும் என்பது வேலை தெரிந்தவனுக்குத் தெரியும். வெண்டல் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவனுடைய முறை வியாழக்கிழமைதான். ஆனாலும் பிளேடை இறக்கினான். முனையிலிருந்து ஆர்டிஸின் வாசல்வரை, அங்கிருந்து திரும்பி முனைவரை, மூன்று மைலையும் பலகை போல் இழைத்தான். சாலை முடிந்ததும் பழக்க தோஷத்தில் நெடுஞ்சாலைவரையும் ஒரு இழுப்பு இழுத்தான்.

சோள லாரியில் எதிரே வந்த டுவேன் டாஃப்ட்டி விரலைத் தூக்கவில்லை, தொப்பியைக் கழற்றினார். தலை அரிக்கிறது போலிருக்கிறது என்று வெண்டல் நினைத்துக்கொண்டான். அடுத்து வந்த கார் ஓரமாக நின்று அவனுக்கு வழி விட்டது. நல்ல பிள்ளைகள் என்று நினைத்தான். முப்பத்திரண்டு வருடமாக அந்த வழக்கத்தைக் காப்பாற்றிவந்தவனுக்கே அன்று அது மூளையில் ஏறவில்லை. அவ்வளவு அலுப்பு.

பன்னிரண்டரைக்கு ஜோலீன் போனில் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"ஆர்டிஸ் எப்போ போனாங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? கடையில கேட்டுத் தெரிஞ்சுக்கறேன், மானம் போகுது!"

வெண்டல் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, கடவுளே, என்றான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் ஆர்டிஸின் முற்றத்தில் பதினெட்டு வண்டிகள் நின்றன. இன்னும் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஹாட்டிஷ்; மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் வைத்து எடுக்கிற அதைத்தான் இந்தக் கவுண்டியில் துக்கத்துக்கும் கொண்டுபோவார்கள், பிரசவத்துக்கும் கொண்டுபோவார்கள். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டியிருக்கும், திரும்பி வரவேண்டும் அல்லவா? டுவேன் வீட்டிலிருந்து ஒரு முழுப் பன்றித்தொடை வந்திருந்தது. கதவருகே ஆர்டிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு, உயிரோடு, எல்லாரையும் உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லோயிஸ் ட்வைட் மூக்கு சிவந்து நின்றாள். "ஆர்டிஸ், பதினோரு மைல் அழுதுக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்!"

"ரொம்ப நன்றி லோயிஸ். அழுத வரைக்கும் நிஜச் சாவுல கழிச்சுக்கலாம். அந்தப் பாத்திரத்தை உள்ள வை, ஆறிப்போகுது."

"உங்களுக்கு எதுவுமே ஆகலையா?" என்றாள் லோயிஸ். கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

"முழங்கால் வலிக்குது. போதுமா?"

ஜெபப் புத்தகத்தோடு வந்த இளம் பாஸ்டர் அம்மாள் முகம் வெளுத்து நின்றார். "வந்தது வந்துட்டீங்க, எந்தப் பாட்டு வேணும்னு இப்பவே எழுதிக்குங்க. அப்புறம் என்னால சொல்ல முடியாது," என்று ஆர்டிஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்று முறை காபி போட்டார்கள். இறந்தவருக்காகச் சமைத்ததை இறந்தவரே பரிமாற எல்லாரும் சாப்பிட்டார்கள். வெண்டலைக் கிண்டல் செய்யாத ஆள் பாக்கி இல்லை. "ஏம்ப்பா, எங்க ரோட்டுப் பக்கம் திங்கட்கிழமை வந்துடாதே, எனக்கு இன்னும் அறுப்பு முடியல," என்று டுவேன் சொல்ல, சமையலறையே சிரித்தது.

நான்கு மணிக்கு எல்லாரும் போனார்கள். மேஜைமேல் ஒன்பது பாத்திரம் மிச்சம். வெண்டல் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஈஸ்டருக்கு அப்புறம் இந்தக் கதவைத் தட்டினது யார் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றார் ஆர்டிஸ். "கேரி. நீ. அப்புறம் மதம் பரப்ப வந்த ரெண்டு பசங்க. இன்னைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடினாங்க, வரணும் வரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் ஆர்டிஸ்னு."

"மன்னிச்சிடுங்க. நான் கேரி உள்ள வரட்டும்னுதான்..." என்று ஆரம்பித்து, டியூப், எழுபது, மஞ்சள் பலகை, மாலையில் காற்று வாங்கப் போனது எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

ஆர்டிஸ் பாத்திரங்களை மூடிக்கொண்டே கேட்டார். "மைலோவை நெனச்சுத்தானே இவ்வளவும்?"

வெண்டல் எழுந்து ஒரு பாத்திரத்துக்கு மூடியைத் தேடினான்.

"அது உன் தப்பு இல்லைன்னு நான் சொல்லப் போறதில்லை. அதை ஊரே சொல்லியிருக்கும், உனக்கு அதுல ஆறுதல் வந்திருக்காது. ஆனா ஒண்ணு. நான் இங்க இருக்கணும்னு நீ ஓடற. எனக்கு இங்க இருக்க இஷ்டமான்னு ஒரு தடவை கேட்டியா?"

கேட்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போதும் கேட்கவில்லை. பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தான்.

புதன்கிழமை காலை ட்ராய் பெட்டியிலிருந்து எடுத்த தாளை விளக்கில் காட்டிக் காட்டிப் பார்த்தான்.

"நூத்தி முப்பத்தஞ்சு. திங்கட்கிழமை மட்டும் தொண்ணூத்தெட்டு. என்ன வெண்டல், கல்யாணமா?"

"சாவு."

"யாரு?"

"யாரும் இல்ல."

ட்ராய் தாளை மேஜைமேல் வைத்தான். ஊர் முழுக்கச் சிரித்த கதை அவன் காதுக்கும் வந்திருக்கும். ஆனால் டியூப் சொன்னால் சொன்னதுதான் என்று பேசியவன் அவன்தானே. பேனாவை எடுத்து நாற்பத்தோராவது அவென்யூவைப் பட்டியலிலிருந்து அடித்தான். ஐந்து வருடம்.

வெண்டலுக்கு அன்று உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முதுகு வலிகூட ஒரு மணி நேரம் மறந்தது. சாப்பாட்டு வேளையில் நேரே ஆர்டிஸிடம் போனான். கதவைத் திறந்தால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"ஜெயிச்சுட்டோம் ஆர்டிஸ். அஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது."

"ரொம்ப சந்தோஷம் வெண்டல்." அவர் ஒரு கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை என் பொண்ணு கேரின் வரா. அவளோட சூ ஃபால்ஸ் போறேன். அவ வீட்ல கீழ ஒரு ரூம் இருக்காம்."

வெண்டலுக்குக் கோபம் வந்தது. மறைக்கவும் இல்லை. "ரோடு இருக்கே! பனி தள்ள நான் இருக்கேனே! இவ்வளவு பாடுபட்டு... இப்போ எதுக்குப் போறீங்க?"

"ரோடு இல்லைன்னு நான் எப்போடா சொன்னேன்?" ஆர்டிஸ் அவனை 'டா' போட்டது பள்ளிக்கூடச் சமையலறையில் அவர் பரிமாற, அவன் தட்டு நீட்டிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான். "மூணு வருஷமா கேரின் கூப்பிடறா. போனா யார்கிட்டயும் சொல்லிக்காம போற மாதிரி ஆயிடுமேன்னுதான் தள்ளிக்கிட்டே வந்தேன். திங்கட்கிழமை எல்லாரும் வந்தாங்க. பேசினாங்க, அழுதாங்க, சாப்பிட்டாங்க. இன்னொரு தடவை அப்படி வருவாங்கன்னா, அன்னைக்கு எனக்குக் காது கேக்காது. எனக்கும் களைச்சுப் போச்சு வெண்டல். உனக்கு முதுகு, எனக்கு இந்த வீடு."

அவன் குனிந்து, திறந்திருந்த அட்டைப்பெட்டி ஒன்றை மூடினான்.

"ரெண்டு உதவி செய்," என்றார் ஆர்டிஸ். "இந்த ஒன்பது பாத்திரத்தையும் வீடு வீடாத் திருப்பிக் கொடுத்துடு. நீதான் எல்லா ரோட்லயும் போறவன். ரெண்டாவது, சனிக்கிழமை இங்க பிளேடு போட்டுடாதே. மறுபடியும் பன்றித்தொடையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

அந்த வாரம் வெண்டல் கிரேடர் கேபினில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு போனான். வடக்கே ட்வைட் வீட்டில் யாரும் இல்லை, மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்கள், படியில் வைத்தான். டாஃப்ட்டி வீட்டில் டுவேன் அறுப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்தபடியே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். குளத்தங்கரையில் ஒரு வீட்டில் பெண்மணி பாத்திரத்தைத் திருப்பி டேப்பைப் பார்த்துவிட்டு, "இது என் அம்மா கையெழுத்து," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒவ்வொரு வீட்டிலும், ஆர்டிஸ் போகிறாராமே என்றார்கள். போவதற்கு முன் ஒரு தரம் வந்து பார்க்கணும் என்றார்கள். வெண்டல் தலையாட்டினான்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. அறுப்புக் காலம், வர முடியாதுதான். வெண்டல் தன் வண்டியை முனையில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். பத்தரைக்கு கேரினின் கார் மேடுபள்ளத்தில் குலுங்கிக்கொண்டு வந்தது. அத்தனை வண்டி மிதித்த பிறகு பிளேடு போடாத சாலை. தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் குழம்பினான். கழற்றவில்லை, உயிரோடுதானே போகிறார். ஒரு விரலைத் தூக்கினான். முன் சீட்டில் ஸ்டீயரிங் இல்லாத பக்கத்திலிருந்து ஆர்டிஸும் ஒரு விரலைத் தூக்கினார். கார் நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பியது.

டிசம்பர் இரண்டாம் வாரம் முதல் பெரும்பனி கொட்டியது. கொட்டகைச் சுவரில் ட்ராய் அந்தத் தாளை மாற்றி ஒட்டியிருந்தான். மக்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து பேர். அன்பானவர்கள் என்பது அப்படியே இருந்தது. பனி தள்ள வேண்டிய சாலைகளின் பட்டியலில் நாற்பத்தோராவது அவென்யூவும் இருந்தது. விதி விதிதான். வெண்டல் மூன்று மைலையும் தள்ளிக்கொண்டு போனான். கேபின் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. ஆர்டிஸின் முற்றத்தில் வண்டி திரும்புகிற அளவுக்கு இடம் ஒதுக்கினான். பிறகு எதற்கென்று தெரியாமல் வாசற்படிவரைக்கும் தள்ளினான்.

திரும்பும்போது போன் அடித்தது.

"வெண்டல், டீவியில பனின்னு சொல்றாங்களே. அங்க எவ்வளவு?"

"முட்டி வரைக்கும்."

"ரோடு?"

"சுத்தமா இருக்கு ஆர்டிஸ். இப்பத்தான் தள்ளி முடிச்சேன். உங்க வாசல்லதான் நிக்கறேன்."

போனில் அந்தப் பக்கம் யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"யாராச்சும் வந்தாங்களா அந்தப் பக்கம்?"

"நான் வந்திருக்கேனே."

"நீ ஓட்டறது கவுண்டி வண்டியாச்சே," என்றார் ஆர்டிஸ். "அது கணக்குல சேராது."

ஆமாம் என்றான் வெண்டல். போனை வைத்துவிட்டு, பூட்டிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் காற்று வாசற்படியில் பனியைத் திரும்பக் கொண்டுவந்து போட ஆரம்பித்திருந்தது. பிளேடை இறக்கி, வந்த வழியையே இன்னொரு முறை தள்ளிக்கொண்டு கிளம்பினான்.